பிரசவ அறையில் ஒரு கட்டில்

ஹில்டா டீச்சர் எந்த வேலையையும் நம்பிக்கையோடு தொடங்கியவர் அல்ல. இது நடக்காது என்ற பயத்தோடுதான் தொடங்குவார். அந்தப் பயத்திலேயே நடத்தி முடித்தும் விடுவார். முடிச்சூர் ஈவ்லின் இல்லம் இன்னும் இடிபடாமல் ஓர் அருங்காட்சியகமாக நிற்கிறது என்றால் அதற்கு அந்தப் பயமே காரணம். கூரை ஒழுகுமோ என்று பயந்தார், ஒழுகுவதற்கு முன்பே ஓடு மாற்றினார். கரையான் வருமோ என்று பயந்தார், கரையான் வேறு வீடு பார்த்துக்கொண்டது. யாரும் வராமல் போவார்களோ என்று பயந்தார், கூட்டம் வந்தது. கூட்டம் எதைப் பார்க்க வந்தது என்பதுதான் கடைசிப் பயம். அதை மட்டும் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தார்.

முடிச்சூர் வயலும் வரப்புமாக இருந்த காலத்தில் அங்கே குடிவந்து, தன் வீட்டுக் கீழ்த்தளத்திலேயே பிரசவம் பார்த்தவர் டாக்டர் ஈவ்லின். மேற்குத் தாம்பரத்திலிருந்து அந்தப் பக்கம் போகும் ஷேர் ஆட்டோவில் 'நான் டாக்டரம்மா வீட்டில் பொறந்தவன்' என்று சொல்ல ஒருவராவது இருப்பார். டாக்டரம்மாவுக்குத் தாயத்து, திருஷ்டி எல்லாம் ஆகாது. கட்டிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்துக் கத்துவார். கத்திவிட்டுக் கஞ்சி கொடுப்பார். அவர் இறந்த பிறகு சபைக்காரர்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரு டிரஸ்ட் வைத்து, வீட்டை அருங்காட்சியகமாக்கினார்கள். அதாவது, பூட்டி வைத்தார்கள்.

இரண்டாயிரத்துப் பதினைந்து டிசம்பரில் வந்த வெள்ளம் பூட்டைப் பொருட்படுத்தவில்லை. கீழ்த்தளத்தில் இருந்த பிரசவ மேசை, கட்டில்கள், மருந்து அலமாரி எல்லாம் போயின. மாடியில் ஒரு கண்ணாடி அலமாரி மட்டும் தப்பியது. வயிற்றுக்குள் இருக்கும் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்கும் மரக்குழல், இரண்டு கத்தரிகள், ஒரு குடை ஆகியவை அதில் இருந்தன.

மறு வருடம் டிரஸ்ட் கூடியது. வீட்டை இடித்து ஃபிளாட் கட்டக் கொடுக்கலாமா, அல்லது யாராவது எடுத்து நடத்துவார்களா என்பது கேள்வி. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றிருந்த ஹில்டா கூட்டத்துக்குத் தாமதமாக வந்தார். பின்வரிசைகள் நிரம்பிவிட்டதால் முன்வரிசையில் உட்கார வேண்டியதாயிற்று. நம் கூட்டங்களில் முன்வரிசை என்பது விண்ணப்பம் போட்டதற்குச் சமம்.

டிரஸ்டின் தலைவர் தேவானந்தம் சார், ஓய்வு பெற்ற வங்கி மேனேஜர். அந்த வீட்டில் பிறந்தவர். அதைச் சொல்லும்போதெல்லாம் கண் கலங்குபவர். "டீச்சரே ஆர்வமா முன்னாடி வந்து உக்காந்திருக்காங்க. அவங்களுக்காக ஜெபிப்போம்" என்று கண்ணை மூடிவிட்டார். ஜெபித்து ஒப்படைத்த வேலையை எப்படி மறுப்பது என்பதற்குச் சபையில் இன்றுவரை ஒரு முறை ஏற்படவில்லை. ஃபிளாட் யோசனையை மட்டும் அன்றைக்கு ஒத்திவைத்தார்கள். ரத்து செய்யவில்லை. ஒத்திவைத்தார்கள் என்பதை ஹில்டா டீச்சர் ஒருநாளும் மறக்கவில்லை.

வீட்டைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, அறைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதி மாட்டினார். அறைகளில் வைக்கத்தான் ஒன்றுமில்லை. திறப்பு விழாவுக்கு முந்தைய நாள் மனை வியாபாரி ராஜகோபால் ஒரு தேக்குக் கட்டிலைக் குட்டி யானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். அவருடைய அப்பா ஏகாம்பரம் படுத்திருந்த கட்டில். இறந்ததும் அதில்தான்.

"டீச்சர், அப்பா பேர மட்டும் போட்டுடுங்கோ. வேற ஒண்ணும் வோணாம்."

"போட்டுடலாம்" என்றார் டீச்சர்.

கட்டில் நுழைகிற அளவு அகலமான கதவு ஓர் அறைக்குத்தான் இருந்தது. அதன்மேல் ஏற்கெனவே 'பிரசவ அறை' என்று எழுதி மாட்டியாகிவிட்டது. ஹில்டா டீச்சர் பொய் சொன்னார் என்று யாரும் சொல்ல முடியாது. அறையின் பெயர் உண்மை. உள்ளே இருந்ததும் கட்டில்தான். இரண்டையும் கூட்டி விடை எழுதிக்கொண்டவர்கள் பார்வையாளர்கள்.

திறப்பு விழாவன்று தேவானந்தம் சார், வெள்ளத்துக்கு ஒன்றாவது தப்பியிருக்கிறதே என்று நினைத்து, அந்தக் கட்டிலைத் தொட்டு அழுதார். அதைப் பார்த்த ஓர் அம்மா மறுவாரம் தன் மாசமான மருமகளை அழைத்து வந்து அதில் உட்கார வைத்தார். நல்லபடியாகப் பிரசவம் ஆனது. பெரும்பாலும் ஆகத்தான் செய்கிறது. அதன் பிறகு வளைகாப்பு முடிந்த பெண்கள் வெள்ளிக்கிழமைகளில் வரத் தொடங்கினார்கள். கட்டில்காலில் ஒரு கண்ணாடி வளையலை மாட்டிவிட்டுச் சற்றே உட்கார்ந்து போவார்கள். பீர்க்கன்கரணையிலிருந்து வந்தார்கள், மண்ணிவாக்கத்திலிருந்து வந்தார்கள், எல்லா மதத்திலிருந்தும் வந்தார்கள். தாயத்தைக் கண்டால் கத்திய டாக்டரம்மாவின் வீட்டை ஏகாம்பரத்தின் கட்டில் காப்பாற்றிக்கொண்டிருந்தது. டிரஸ்ட் முதலில் முகம் சுளித்தது. வருகிறவர்களின் கூட்டத்தைப் பார்த்துவிட்டுச் சுளிப்பை ஒத்திவைத்தது.

ராஜகோபால் மட்டும் வருடம் தவறாமல் வந்து கேட்டார். "இன்னா டீச்சர், அப்பா பேரு எங்க கீது?" பெயின்டர் வரவில்லை, மழை முடியட்டும், ஈஸ்டர் போகட்டும் என்று டீச்சர் தள்ளிப்போட்டார். பெயர் எழுதினால் கட்டில் யாருடையது என்பது தெரியும். தெரிந்தால் பெண்கள் வரமாட்டார்கள். வராவிட்டால் ஒத்திவைத்த ஃபிளாட் யோசனை திரும்ப வரும். ராஜகோபாலும் ஊமையாக இருக்கவில்லை, அது தன் அப்பா கட்டில் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். ஆனால் மனை விற்கிறவர் சொல்வதை முடிச்சூரில் யாரும் உடனே நம்புவதில்லை.

இந்த வருடம் ஹில்டா டீச்சருக்கு முட்டி ஒத்துழைக்க முற்றிலும் மறுத்துவிட்டது. அவருக்குப் பதிலாக மெஹ்னாஸைத் தேர்ந்தெடுத்தார்கள். நகரத்தில் ஒரு பெரிய அருங்காட்சியகத்தில் பத்துப் பன்னிரண்டு வருடம் பழம்பொருள்களைப் பராமரித்தவர். தேவானந்தம் சாருக்கு ஒரு சந்தேகம்தான் இருந்தது. "மீட்டிங்க ஜெபத்தோடதான் ஆரம்பிப்போம். உங்களுக்கு ஒண்ணும் அப்ஜெக்ஷன் இல்லியே?"

"பண்ணுங்க சார். சீக்கிரம் முடிச்சீங்கன்னா நானும் ஆமென் சொல்வேன்" என்றார் மெஹ்னாஸ்.

பொறுப்பை ஒப்படைக்கும் வாரங்களில் ஹில்டா டீச்சர் ஒவ்வொரு ஜன்னலின் குணத்தையும் சொல்லிக்கொடுத்தார். எந்தக் குழாய் கசியும், எந்தப் பூட்டு மழையில் சண்டித்தனம் செய்யும், தேவானந்தம் சார் பேசத் தொடங்கினால் எங்கே நிறுத்துவது, எல்லாம். பிரசவ அறையை மட்டும் நின்றபடியே காட்டிவிட்டு அடுத்த அறைக்கு நடந்தார். மெஹ்னாஸ் நடக்கவில்லை.

"இந்தக் கட்டில் டாக்டரோடதா மேடம்?"

"பிரசவ அறையில இருக்கு."

"அது தெரியுது மேடம். டாக்டரோடதா?"

"டாக்டர் காலத்துக் கட்டில்தான்."

மெஹ்னாஸ் ஒன்றும் பேசாமல் காத்திருந்தார். கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பது வகுப்பறையில் ஹில்டா டீச்சரின் சொந்த உத்தி. அதைத் தன்மேல் ஒருவர் பிரயோகிப்பார் என்று அவர் நினைத்ததில்லை.

"இல்ல" என்றார் கடைசியில். "ராஜகோபாலோட அப்பா கட்டில். வெள்ளத்துக்கு அப்புறம் வந்தது. அவரு தவறினதே இதுலதான்."

மெஹ்னாஸ் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் டீச்சருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "போர்டு வச்சிடணும் மேடம். நாளைக்கு இத வேற யாராவது வெளிய சொன்னா, மாடியில இருக்கற மரக்குழலயும் நம்ப மாட்டாங்க. அது ஒண்ணுதான் நம்மகிட்ட நெஜமா இருக்கு."

"அத பாக்க யாரும் மாடி ஏறறதில்லம்மா."

"சரி மேடம். உங்க காலத்துல வேணாம். நான் சார்ஜ் எடுத்துட்டு வைக்கறேன்."

இந்தப் பெருந்தன்மைதான் டீச்சரை அதிகம் பாதித்தது. கணக்குப்படி பார்த்தால் மெஹ்னாஸ் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் சரியான கணக்குப் போட்டு மூடிய கடைகள் ஜி.எஸ்.டி. ரோடு முழுக்க இருக்கின்றன. இரும்புலியூரில் தன் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் தட்டில் இருந்த தோசைக்குப் பின்னால் காலியான அறை தெரிந்தது, அதற்குப் பின்னால் ஃபிளாட் விளம்பரம் தெரிந்தது. அறுபத்தெட்டு வயதில் ஒன்றை உயிர்ப்பித்துவிட்டு, அதைக் கொல்லப்போகிறவரிடம் சாவியையும் தானே கொடுப்பதா? இன்னொரு பயமும் இருந்தது. போர்டு வைத்த பிறகும் கூட்டம் குறையாமல் வந்தால்? அப்படியானால் இத்தனை வருடம் எதைக் காத்தோம்?

தேவானந்தம் சார் போனில் வந்தார். கட்டில் விஷயம் அவருக்குத் தெரியாது. "டீச்சர், எனக்கென்னவோ நீங்க இருந்தா நல்லாயிருக்கும்னு தோணுது. ஒரு வார்த்தை சொல்லுங்க, ஆறு மாசம் எக்ஸ்டென்ட் பண்ணிடறேன்."

"யோசிச்சு சொல்றேன் சார்" என்றார் டீச்சர். யோசித்தார், சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஒரு வியாழக்கிழமை அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். வெள்ளிக்கிழமை காலையில் அவர் மறுபடி வந்து நின்றார். மூக்குக்கண்ணாடியின் கூட்டை மறந்துவிட்டதாகக் காரணம் சொன்னார். கூடு அவர் கைப்பையில்தான் இருந்தது. மெஹ்னாஸ் அதைத் தேடுவதுபோல் மேசை இழுப்பறையைத் திறந்து பார்த்துவிட்டு, "இருங்க மேடம், டீ சொல்றேன்" என்றார்.

போர்டு வந்துவிட்டிருந்தது. கட்டிலின் தலைமாட்டுச் சுவரில், எட்ட நின்று படிக்கிற அளவு எழுத்தில், இப்படி இருந்தது: 'இந்தக் கட்டில் முடிச்சூர் ஏகாம்பரம் அவர்களுடையது. மகன் ராஜகோபால் தந்தது. டாக்டர் ஈவ்லினின் பிரசவ மேசையும் கட்டில்களும் வெள்ளத்தில் போய்விட்டன. அவர் பயன்படுத்திய மரக்குழல் மாடியில் இருக்கிறது.'

ராஜகோபால் வேட்டி மடிப்புக் கலையாமல் அதன் எதிரே நின்று, அப்பா பெயரைச் செல்போனில் நான்கு கோணத்தில் எடுத்துக்கொண்டிருந்தார். தேவானந்தம் சார் அப்போதுதான் உள்ளே வந்தார். படித்தார். மறுபடி படித்தார்.

"ராஜகோபால், இது என்ன விளையாட்டு?"

"இன்னா சார் வெளயாட்டு. நான்தான் அன்னிலேர்ந்து சொல்லிகினு கீறேனே, நீங்கதான் நம்பல."

"இத்தன வருஷமா நான் அழுதது உங்கப்பா கட்டிலுக்கா?"

"அதுக்கின்னா சார். அப்பா செத்தப்போ நானே அவ்ளோ அழுவல. அவருக்கும் ஒர்த்தர் வோணும் இல்ல."

வாசலில் அதற்குள் ஆள் வந்துவிட்டது. எட்டு மாதக் கர்ப்பிணிப் பெண் ஒருத்தி, கை நிறைய வளையல். கூடவே அவள் அம்மா. அம்மா கட்டிலைக் கும்பிடப் போனவர் போர்டைப் பார்த்தார்.

"யாருங்க ஏகாம்பரம்? டாக்டரா?"

"எங்கப்பா" என்றார் ராஜகோபால் பெருமையாக. "எம்பத்தொம்போது வயசு. இதே கட்டில்லதான் மூச்சு நின்னுது. ஒரு கஷ்டமும் பேஜாரும் இல்லாம போனாரு."

அந்த அம்மா மகளின் முழங்கையைப் பிடித்தார். "வா, போலாம்."

ஹில்டா டீச்சர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். தோசைக்குப் பின்னால் தெரிந்ததெல்லாம் அதே வரிசையில் நடந்துகொண்டிருந்தது. தேவானந்தம் சார் அவரிடம் வந்தார். "டீச்சர், இதோ போறாங்க பாருங்க. நாளைக்கு ஊரெல்லாம் சொல்வாங்க. அந்த போர்ட கழட்டச் சொல்லுங்க. நீங்க சொன்னா சரி, வேற யார் சொல்றதும் இங்க செல்லாது. நேத்து நடந்தத மறந்துடுங்க, நான் பாத்துக்கறேன்."

எல்லோரும் டீச்சரைப் பார்த்தார்கள். மெஹ்னாஸும் பார்த்தார், உதவி கேட்கிற பார்வை அல்ல அது, கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கிற பார்வை. சொல்ல வேண்டிய வாக்கியம் டீச்சரின் வாயில் தயாராக இருந்தது. மூன்று சொற்கள்தான். அதைச் சொல்லியிருந்தால் கட்டில் காப்பாற்றப்பட்டிருக்கும். மெஹ்னாஸ் அந்த மேசையில் உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான்; இனி எந்தக் கதவைத் திறக்கவும் இரும்புலியூருக்குப் போன் வரும்.

"மேடத்த கேளுங்க சார்" என்றார் ஹில்டா டீச்சர்.

"நீங்கதானே டீச்சர்..."

"நான் கண்ணாடிக் கூடு எடுக்க வந்தேன் சார். மேடத்த கேளுங்க."

தேவானந்தம் சார் மெதுவாக மெஹ்னாஸின் பக்கம் திரும்பினார். இத்தனை நாளில் அவரிடம் முதன்முதலாக ஒரு முடிவைக் கேட்டார். "என்ன மேடம் பண்றது?"

"போர்டு இருக்கட்டும் சார்" என்றார் மெஹ்னாஸ். பிறகு வாசலைப் பார்த்து, "அம்மா, டாக்டர் நெஜமா வச்சு கேட்ட குழல் மாடியில இருக்கு. ஏற முடியலன்னா நான் கீழ எடுத்துனு வரேன். பாத்துட்டுப் போங்க."

"இன்னொரு நாள் வரோம்மா" என்றார் அந்த அம்மா. ஆனால் அவர் பிடித்திருந்த முழங்கை கூடப் போகவில்லை. மகள் திரும்பி நடந்து வந்து ஏகாம்பரத்தின் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏய், எழுந்துரு. செத்தவங்க கட்டில்."

"கால் வலிக்குதும்மா. அவங்க எடுத்துனு வரட்டும்."

அது நம்பிக்கையா, வெறும் கால்வலியா என்று கேட்க ஹில்டா டீச்சருக்கு ஆசைதான். கேட்கவில்லை. மெஹ்னாஸ் மாடி ஏறும் சத்தம் கேட்டபோது, அலமாரியின் இரண்டாம் கதவு சிக்கும், தூக்கித் திறக்க வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தார். அது சொல்லிக்கொடுத்தாகிவிட்டது. கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். குழல் கீழே வருவதற்குள் ஷேர் ஆட்டோ ஏறிவிட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை முழுக்க அவர் இரும்புலியூரில் பீரோவைக் காலி செய்து, அதே துணிகளை அதே இடத்தில் மடித்து வைத்துக்கொண்டிருந்தார். மெஹ்னாஸ் கூப்பிடவில்லை. நல்லபடியாகப் போனால் கூப்பிடமாட்டார். மோசமாகப் போனாலும் கூப்பிடுகிற ஆள் இல்லை. சாயங்காலம் போன் அடித்தது. ராஜகோபால்.

"டீச்சர், இன்னிக்கு நான் அங்கதான் இருந்தேன். அப்பா பேர நாலு பேரு சத்தமா படிச்சாங்க."

ஹில்டா டீச்சர் உட்கார்ந்தார். "மொத்தம் எத்தன பேர் வந்தாங்க ராஜகோபால்?"

"அத்த யாரு டீச்சர் பாத்தா. நான் படிக்கிறவங்கள மட்டுந்தான் பாத்துகினு இருந்தேன். வோணும்னா மெஹ்னாஸ் மேடத்துக்கு போன் போட்டுக் கேக்கட்டுமா?"

"வேணாம்" என்றார் டீச்சர். சொல்லிவிட்டும் போனை வைக்காமல், அவர் வேறு ஏதாவது சொல்வாரா என்று கொஞ்ச நேரம் காதிலேயே வைத்திருந்தார்.