இரண்டு பேர் தூக்கிய கதிரை

யுத்தம் முடிந்து இரண்டு மூன்று வருடங்கள் ஆகியிருக்கும். சித்திரை வருடப்பிறப்பு நெருங்கிக்கொண்டிருந்தது. ஆரையம்பதிப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பகல் சாப்பாடு முடிந்து எல்லோரும் கண்ணயர்கிற நேரம், கட்டில்கள் லேசாக ஆடின. யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்து ஒரு ஐயாவை அதட்டியும் விட்டேன். கொஞ்ச நேரத்தில் கோயில் ஒலிபெருக்கியில் அறிவித்தல் வந்தது. கடல் வரலாமாம், எல்லோரும் உடனே வெளியேற வேண்டுமாம்.

சுனாமியில் ஒருதரம் அடிபட்ட ஊர். அந்த ஒரு சொல் போதும், கை கால் ஓடாது. எங்களுக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. ஓடுவதென்றால் துறைக்கு ஓடி, 'பாதை' என்று நாங்கள் சொல்லும் பெரிய தட்டைப் படகில் ஏறி, வாவிக்கு அந்தப் பக்கமுள்ள படுவான்கரைக்குப் போக வேண்டும். எங்கள் இல்லத்திலோ பாதிப் பேர் குளிக்கப் போவதற்கே ஆள் பிடிக்க வேண்டும்.

பொறுப்பாளர் சாமான் வாங்க டவுனுக்குப் போயிருந்தார். சமையல்கார அக்காவும் நானும்தான். போன் வேலை செய்யவில்லை. ரோட்டில் நின்று வந்த வாகனங்களையெல்லாம் மறித்தேன். ஒருவரும் நிறுத்தவில்லை. எல்லாவற்றிலும் பிள்ளை குட்டிகள், யாரைக் குறை சொல்வது? கடைசியில் காத்தான்குடிப் பக்கமிருந்து வந்த சின்ன லொறி ஒன்று நின்றது. ஓட்டி வந்த முஸ்லிம் அண்ணன், நானா என்போம் நாங்கள், ஒரு கேள்வி கேட்கவில்லை. துணிப் பொதிகளை ரோட்டோரம் தள்ளிவிட்டு, ஒவ்வொருவராகத் தூக்கி ஏற்றினார். சமையல்கார அக்காவும் அவர்களோடு ஏறினார்.

ஒருவருக்கு மட்டும் இடமில்லை. இடுப்பு உடைந்து நடக்க முடியாமல் இருந்த, கொஞ்சம் பாரமான ஒரு அம்மா. மற்றவர்களை முதலில் ஏற்று என்று பிடிவாதமாகச் சொன்னவரும் அவர்தான். திரும்பி வருகிறேன் என்றார் நானா. ஆனால் ரோடு இருந்த இருப்பில் அது நடக்கிற காரியமாகத் தெரியவில்லை.

அந்த அம்மா சில வருடங்களுக்கு முன் தனியாக ஓட்டோவில் வந்து இறங்கியவர். ஒரே மகளைக் கடல் கொண்டுபோய்விட்டது, எனக்கு ஒருத்தரும் இல்லை என்று சொல்லித்தான் சேர்ந்தார். ஒருநாளும் யாரும் தேடி வந்ததில்லை. சுனாமி நினைவு நாளில் மற்றவர்களோடு சேர்ந்து விளக்கும் ஏற்றுவார்.

அவரைத் தூக்கிப் பார்த்தேன். அசைக்கவே முடியவில்லை. என் அம்மாவும் மகளும் தேற்றாத்தீவில், கடலுக்குக் கிட்ட. அவர்கள் ஓடியிருப்பார்களா? என் முகத்தைப் பார்த்தே அந்த அம்மாவுக்கு விளங்கியிருக்க வேண்டும்.

"நீ போ மகள். உன்ர புள்ளையப் பாரு," என்றார்.

போய்விடலாமா என்று ஒரு கணம் கேற்றைப் பார்த்தேன். அப்போதுதான் ஒரு பெண், தலை விரிந்து கிடக்க, காலில் ஒரு செருப்போடு ஓடி வந்தாள். நேரே உள்ளே வந்து பிளாஸ்டிக் கதிரை ஒன்றை இழுத்தாள். அம்மாவை அதில் இருத்தி, ஒரு பக்கம் அவளும் மறுபக்கம் நானுமாகத் தூக்கினோம். முன்பின் தெரியாதவள், தெய்வம்தான் அனுப்பியது என்று நினைத்தேன்.

பாதி வழியில் மூச்சு வாங்கிக் கதிரையை இறக்கினோம். எனக்குப் பின்னால் பார்க்கப் பயம். அப்போது அந்த அம்மா அவளைப் பார்த்துக் கேட்டார்.

"புள்ளைகள எங்க விட்டுட்டு வந்த?"

"அவர் மோட்டர் சைக்கிள்ள கொண்டுபோறார் அம்மா. நான் இடையில இறங்கிற்றன்."

எனக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் விளங்கவில்லை. கடல் கொண்டுபோனதாகச் சொன்ன மகள் இவள்தான் என்று விளங்கியபோது கதிரையைத் திரும்பத் தூக்க வேண்டியிருந்தது.

துறையில் சனம் நெருக்கியடித்தது. பாதையில் கால் வைக்க இடமில்லை. எங்கள் ஆட்கள் அங்கே வரிசையில் நின்ற லொறிக்குள்ளேயே இருந்தார்கள். கரையில் கதிரையை வைத்துவிட்டு, கடல் இருந்த திசையைப் பார்த்தபடி நின்றோம். அந்தக் காத்திருப்பில்தான் அந்த அம்மா எனக்குச் சொன்னார். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். அவரும் தன் வீட்டை மகளுக்குச் சீதனமாகக் கொடுத்து, அங்கேயே இருந்தவர். அந்த வீடு கடலோடு போனது. நிவாரணத்தில் கிடைத்த புது வீடு மருமகன் பெயருக்கு வந்தது. அதன்பின் அந்த வீட்டில் மருமகனுக்கு அவர் கூடுதலான ஒரு ஆளாகிப்போனார். ஒருநாள் தானாகவே புறப்பட்டு வந்துவிட்டார். வந்து பார்க்கக்கூடாது என்று மகளிடம் சத்தியமும் வாங்கியிருந்தார்.

"வீடு குடுத்த தாய வெளிய விட்டுட்டாள் எண்டு ஊர் இவளத்தான் ஏசும். கடல் கொண்டுபோயிற்று எண்டா ஆரு பிழை சொல்லுவாங்க?" என்றார்.

மகள் மண்ணில் குந்தியிருந்து தாயின் முழங்காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் அவளுடைய தலைமயிரைக் கோதி முடிந்துவிட்டார்.

கடல் வரவில்லை. பொழுது சாய ஆபத்து இல்லை என்று அறிவித்தார்கள். என் அம்மாவும் மகளும் சுகமாக இருப்பதாகத் தகவல் வந்த பிறகுதான் எனக்குச் சரியாக மூச்சு வந்தது. அந்த அம்மா திரும்பவும் எங்கள் இல்லத்துக்குத்தான் வந்தார். வீடு இன்னும் மருமகனுடைய வீடுதானே. ஆனால் வருடப்பிறப்பன்று மகள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, எல்லோரும் பார்க்க முன்வாசலால் வந்தாள்.

இப்போதும் அதே வேலைதான் பார்க்கிறேன். எனக்கு ஒருத்தரும் இல்லை என்று சொல்லிக்கொண்டு யாராவது வந்து நின்றால், யாரைக் காப்பாற்ற இப்படிச் சொல்கிறார்களோ என்றுதான் என் நெஞ்சு முதலில் பதைக்கிறது.