அத்தாயியின் கட்டுச்சோறு

எடப்பாடித் தறிக்காரர் தெருவுக்கு வாழ்க்கைப்பட்ட அன்றைக்கே அத்தாயி ஒரு கெட்ட பெயர் வாங்கிக்கொண்டாள். தாலி கட்டும் நேரத்தில் மாப்பிள்ளை காளியண்ணனுக்கு முடிச்சே விழவில்லை. மணப்பெண்ணோ களுக்கென்று சிரித்துவிட்டாள். நெசவுக்காரனுக்கு முடிச்சுப் போடத் தெரியாதா என்று அவள் வாய்விட்டுக் கேட்டதாகவே பந்தலில் பேச்சு. அவள் கேட்கவில்லை, நினைத்தாள், அவ்வளவுதான். ஆனால் அத்தாயி எதை நினைத்தாலும் அவள் முகம் அதைத் தமுக்கடித்துச் சொல்லிவிடும்.

மேட்டூரில் அணைக்கட்டு எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. அத்தாயி பிறந்தது குமாரபாளையத்தில், காவிரிக் கரையில். அங்கே பெண்கள் விடியற்காலையில் கூட்டமாகக் கிளம்பித் தாழம்புதர் மறைவுக்குப் போவார்கள். பிறகு ஆற்றில் இறங்கி, ஊர்க்கதை அத்தனையும் பேசித் தீர்த்துக் குளித்து, வெயில் ஏறும்போது வீடு திரும்புவார்கள். வெளிக்குப் போவது ஒரு காரியம் என்றே அவளுக்கு அதுவரை தோன்றியதில்லை.

எடப்பாடியில் கதை வேறாக இருந்தது. பாவு போடுகிற ஆண்கள் இருள் பிரியுமுன்பே தெரு நெடுக நூலை இழுத்துக் கட்டி, கஞ்சி தடவிக்கொண்டு நிற்பார்கள். ஓடைக்கரைக்குப் போக வேண்டுமானால் அந்தப் பாவு நூலை ஒட்டித்தான் நடக்க வேண்டும். செம்பும் கையுமாகப் புது மருமகள் வருவதைக் கண்டால் ஒவ்வொருவராகத் தலையைத் திருப்பிக்கொள்வார்கள். மரியாதைக்குத்தான் திருப்பினார்கள். ஆனால் ஒரு தெருவே ஒரே சமயத்தில் தலையைத் திருப்பினால் ஒரு பெண்ணுக்குக் கால் எப்படி நகரும்? அத்தாயி பாதியிலேயே வீட்டுக்குத் திரும்பிவிடுவாள். பொழுது சாய்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அடக்குவாள். பொழுது சாய்ந்தால் குச்சியில் நூலேற்றித் தார் சுற்றும் வேலை காத்திருக்கும். சரி, நாளைக்கு என்று விட்டுவிடுவாள்.

மாமியார் முத்தாயம்மாள் கொடுமைக்காரி அல்ல, பெருமைக்காரி. இவர்கள் வீட்டுச் சேலைக்குச் சேலம் கடைவீதியில் நல்ல பேர் கிடைத்திருந்தது. ஊருக்கு அரிசி மிஷினும் புதிதாக வந்திருந்தது. அதனால் அந்த வீட்டில் கம்பும் ராகியும் பின்கட்டோடு ஒழிந்தன. தவிடு துளியும் இல்லாமல் மல்லிகைப் பூப் போலத் தீட்டிய அரிசிச் சோறு மட்டுமே அடுப்பேறியது. கீரை ஆட்டுக்கு என்றாள் முத்தாயம்மாள். காலையில் ஒரு தம்ளர் காப்பி, பதினோரு மணிக்கு ஒன்று, விளக்கு வைக்கும்போது ஒன்று. புதுப் பணக்காரர் வீட்டு மருமகள் வேறு எதைக் குடிப்பாள்?

ஒரு வருஷத்துக்குள் அத்தாயியின் வயிறு அவள் பேச்சைக் கேட்காமல் போயிற்று. சாப்பிட உட்கார்ந்தால் இரண்டு பிடியிலேயே நெஞ்சுவரை அடைத்தது. சோற்றைக் குறைத்தாள், காப்பியைக் கூட்டினாள். கை கால் மெலிந்தது, வயிறு மட்டும் உப்பியது. மாதாமாதம் பிசகாமல் வந்துகொண்டிருந்த தூரம் முதலில் தள்ளிப்போயிற்று, பிறகு ஒரு மாதம் விட்டு வந்தது, பிறகு வரவே இல்லை.

மருமகள் தூரமாகிக் கொட்டகையில் ஒதுங்கி உட்கார்ந்து வெகுநாள் ஆயிற்றே என்பது ஒரு நாள் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்த முத்தாயம்மாளுக்கு உறைத்தது. மிளகாயை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து அத்தாயியின் வயிற்றைப் பார்த்தாள். அவள் முகம் விரிந்த விரிப்பைப் பார்த்து அத்தாயியும் நம்பிவிட்டாள். நம்பாமல் எப்படி இருப்பது? சோறு பிடிக்கவில்லை, காலையில் குமட்டுகிறது, அசதி ஆளைத் தள்ளுகிறது, வயிறு பெருக்கிறது. பக்கத்து வீட்டுப் பொன்னாயி ஐந்து பெற்றவள். அவளும் வந்து பார்த்துவிட்டு, தனக்கும் இப்படித்தான் இருந்தது, இது ஆண் குழந்தைதான் என்று அடித்துச் சொல்லிவிட்டாள்.

அதன் பிறகு அந்த வீடு தரையில் நிற்கவில்லை. காளியண்ணன் மனைவியைத் தார் சுற்ற விடாமல் தானே சுற்றி, நூலைச் சிக்காக்கி, சிக்கெடுக்கும் வேலையை அவளுக்கே மிச்சம் வைத்தான். மாங்காய் வந்தது, புளியங்காய் வந்தது, தெருவில் அவள் நடந்தால் கோழிகளைக்கூட விரட்டிவிட்டார்கள். ஏழாம் மாதம் என்று ஒரு கணக்குப் போட்டு, கட்டுச்சோறு விருந்துக்கு நாள் குறித்தார்கள். பிறந்த வீட்டார் விதவிதமாகச் சோறு கட்டிக்கொண்டு வந்து வளையல் போடும் விசேஷம் அது. குமாரபாளையத்தில் அத்தாயியின் அம்மா சாலம்மாள் புளி கரைக்கத் தொடங்கிவிட்டாள் என்று செய்தி வந்தது.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் சேலத்தில் ஒரு ஜவுளிக் கடைக்காரர் தம் மருமகளை லேடி டாக்டரிடம் காட்டினார் என்று முத்தாயம்மாள் காதில் விழுந்திருந்தது. அவர்கள் காட்டினால் நாமும் காட்டுவோம் என்று, விருந்துக்கு முதல் நாள் மருமகளைப் பஸ் ஏற்றினாள். கண்டக்டர் முன் சீட்டில் இருந்தவர்களை எழுப்பி இடம் கொடுத்தார். குழியில் பஸ் இறங்கும்போதெல்லாம் உள்ளே இருந்த பெண்கள் அத்தனை பேரும் டிரைவரைத் திட்டினார்கள். அத்தாயி மகாராணி மாதிரி தலையணை மேல் உட்கார்ந்து சேலம் போய்ச் சேர்ந்தாள்.

டாக்டர் சாரதாமணி கூந்தலை இறுக முடிந்த, கனிந்த முகமுள்ள அம்மாள். ஒரு குழலை வயிற்றில் வைத்து, அதில் காது கொடுத்துக் கேட்டார். இடம் மாற்றி மாற்றிக் கேட்டார். பிறகு விரலால் தட்டிப் பார்த்தார். பறை தட்டிய மாதிரி சத்தம் வந்தது. என்ன சாப்பிடுகிறாய், எத்தனை காப்பி, தூரம் எப்போது நின்றது என்று விசாரித்துவிட்டு, வெளிக்கு ஒழுங்காகப் போகிறாயா என்று கேட்டார். அத்தாயி மாமியாரைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், கடைசியில் உண்மையைச் சொன்னாள்.

டாக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்:

“உள்ளே குழந்தை இல்லம்மா. குடல் அடைச்சுக்கிட்டுக் கிடக்கு, மிச்சமெல்லாம் காத்து.”

முத்தாயம்மாள் நாற்காலி இருக்கிறதா என்று பார்க்காமலே உட்கார்ந்தாள். நல்லவேளை, இருந்தது. அத்தாயிக்கு முதலில் கண்ணில் நீர் முட்டியது. அடுத்த நொடி முன் சீட்டும், தலையணையும், விரட்டப்பட்ட கோழிகளும் நினைவுக்கு வந்தன. இந்தக் காற்றுக்காகவா அத்தனையும் என்று நினைத்ததுதான் தாமதம், அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. அழுதுகொண்டே சிரித்தாள். சிரித்த வேகத்தில் உள்ளே இருந்த காற்றில் கொஞ்சம் சத்தத்தோடு வெளியே வந்தது. டாக்டரம்மாவும் சேர்ந்து சிரித்துவிட்டார்.

அப்படியானால் தூரம் ஏன் நின்றது என்று முத்தாயம்மாள் விடாமல் கேட்டாள். டாக்டர் பொறுமையாகவே பதில் சொன்னார். உடம்புக்குள் சில சுரப்புகள் இருக்கின்றன, பெண்ணின் மாதக் கணக்கை நடத்துவது அவைதான். குடல் கெட்டால் பசி போகும், பசி போனால் சத்துச் சேராது. சத்தில்லாத உடம்பு, பிள்ளை பெறுகிற வேலை இப்போதைக்கு வேண்டாம் என்று அந்தச் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். இதையெல்லாம் இன்னும் ஆராய்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள், ஆனால் தம்மிடம் வருகிற பெண்களிடம் இதை அடிக்கடி பார்ப்பதாக அவர் சொன்னார். முதலில் வயிற்றைச் சரிசெய்வோம், மாதம் பின்னாலேயே வரும் என்று மருந்து கொடுத்து அனுப்பினார்.

திரும்பும்போதும் அதே பஸ், அதே கண்டக்டர். அவர் மறுபடி முன் சீட்டைக் காலிசெய்து கொடுத்தார். முத்தாயம்மாள் தலையணையை மடியில் மறைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது பந்தல் போட்டாகிவிட்டது. குமாரபாளையத்துக்கு ஆள் அனுப்பலாம் என்றால், வண்டிகள் அங்கிருந்து கிளம்பிவிட்டதாகத் தகவல். யாரிடமும் சொல்லாமல் விருந்தை நடத்திவிட்டு, பிறகு கலைந்துபோனதாகச் சொல்லிவிடலாமா என்று காளியண்ணன் கேட்டான். அத்தாயிக்கு அது பிடிக்கவில்லை. இல்லாத பிள்ளைக்கு ஒரு சாவு வேறா என்றாள்.

மறுநாள் காலையில் சாலம்மாள் வண்டியிலிருந்து இறங்கினாள். புளிச்சோறு, எள்ளுச்சோறு, தேங்காய்ச்சோறு, தயிர்ச்சோறு என்று அண்டா அண்டாவாக இறங்கின. தெருப் பெண்கள் முற்றம் நிறைய உட்கார்ந்தார்கள். வளையலோடு அம்மா பக்கத்தில் வந்தபோது அத்தாயி எழுந்து நின்றாள்.

“போடாதீங்கம்மா. இந்த வயித்துல புள்ளை இல்லீங்க. வெளிக்குப் போறதுக்கு வெக்கப்பட்டு அடக்கி அடக்கி இப்படி ஊதிக்கிச்சு. டாக்டரம்மா தட்டிப் பாத்துட்டுச் சொல்லிப்போட்டாங்க.”

சாலம்மாள் கையில் வளையல் அப்படியே நின்றது. எல்லோரும் பொன்னாயியைப் பார்த்தார்கள், ஆண் குழந்தை என்று சொன்னவள் அவள்தானே. பொன்னாயி தலையைக் குனிந்துகொண்டு, ரொம்ப மெல்ல ஆரம்பித்தாள்.

“எனக்குமே அப்படித்தானுங்க. பாவு போடற மாசத்துல அடக்கி வெச்சா வயிறு கல்லாட்டம் ஆயிருது. அப்பவெல்லாம் தூரமும் தப்பித்தான் வருது. யாருகிட்டச் சொல்றதுன்னு இருந்தேன்.”

அவ்வளவுதான், மடை திறந்தது. மூலையில் இருந்த ஒருத்தி தனக்கு வாரக்கணக்கு என்றாள். இன்னொருத்தி, மழை பெய்து ஆண்கள் பாவு போடாத நாள்தான் தனக்குத் தீபாவளி என்றாள். யாரோ ஒருத்தி சிரிக்க, பக்கத்தில் இருந்தவள் அவள் மேல் சாய்ந்து சிரிக்க, முற்றமே குலுங்கியது. அந்தச் சந்தடியில் முத்தாயம்மாள், இத்தனை வருஷமாகத் தான் அரிசிப் பானைக்குள் விளக்கெண்ணெய்ப் புட்டியை ஒளித்து வைத்துக் குடித்து வருவதைச் சொல்லிவிட்டாள். சாலம்மாள் சம்பந்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். வெளியே நின்ற ஆண்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கட்டுச்சோறு ஒரு பருக்கை மிச்சமில்லை. வளையலை மட்டும் சாலம்மாள் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

சிரித்து முடித்ததும் முத்தாயம்மாளுக்குக் கோபம் வந்தது. நேரே பாவுக்காரர்கள் நடுவில் போய் நின்றாள்.

“நாளையிலிருந்து கோயில் பக்கத்துத் தெருவுல பாவு போடுங்க. இந்தப் பக்கம் பொம்பளைக போகோணும். ஓடைக்கரையில ஓலை மறைப்பும் கட்டோணும். எதுக்குன்னு கேக்கறவன் முன்னால வரட்டும்.”

யாரும் முன்னால் வரவில்லை. அந்த வாரமே பாவு இடம் மாறியது. பனையோலை மறைப்பைக் காளியண்ணனே முன்னின்று கட்டினான். தறிக்காரன் பின்னிய ஓலையாயிற்றே, ஊசி நுழைய இடமில்லை.

விடியற்காலையில் பெண்கள் கூட்டமாகப் போய்வரத் தொடங்கினார்கள். காப்பி ஒரு தம்ளரோடு நின்றது. கம்பங்கூழும் மோரும் அந்த வீட்டுக்குத் திரும்பி வந்தன. முருங்கைக்கீரைக்காக ஆட்டோடு முத்தாயம்மாளுக்குப் போட்டியே நடந்தது. அத்தாயியின் வயிறு மெல்ல மெல்ல அடங்கியது. ஒரு நாள் தட்டில் போட்டதை முடித்துவிட்டு இன்னும் கொஞ்சம் என்று கேட்டாள். காளியண்ணன் அகப்பையோடு அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

சில மாதம் கழித்து, ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தவளுக்கு இடுப்பு வலித்தது. எழுந்து போய்ப் பார்த்துவிட்டு, ஓட்டமாக ஓடிவந்தாள். “அத்தை, வந்துருச்சுங்க” என்றாள். முத்தாயம்மாள் அவளை அள்ளிக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்ட பிறகுதான் தீட்டு என்பது இருவருக்கும் நினைவு வந்தது. ஒருவரையொருவர் விலகிப் பார்த்தார்கள், மறுபடியும் சிரித்தார்கள். அந்த மதியம் முத்தாயம்மாள் தலைக்கு ஊற்றிக்கொண்டாள். விஷயம் எட்டிய காளியண்ணன் கடைக்கு ஓடி ஒரு பொட்டலம் மிட்டாய் வாங்கி வந்தான். வழியில் என்ன விசேஷம் என்று கேட்டவர்களுக்குச் சொல்ல ஒரு பொய் கிடைக்காமல் திண்டாடிப்போனான்.

அடுத்த வருஷம் தூரம் மறுபடி நின்றபோது வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. அத்தாயியே நம்பவில்லை. காலையில் ஒழுங்காகப் போகிறாயா என்று மாமியார் தினமும் விசாரித்தாள். போகிறேன் என்று அவள் தினமும் சத்தியம் செய்தாள். வயிறு நன்றாகத் தெரிந்த பிறகும் பொன்னாயி வாயைத் திறக்க மறுத்துவிட்டாள். கடைசியில் சேலத்துக்குப் போனார்கள். டாக்டரம்மா குழலை வைத்துக் கேட்டுவிட்டு, காது கொடுத்துப் பார் என்று அதை முத்தாயம்மாளிடம் நீட்டினார். அவள் குனிந்து காதை வைத்தாள். நெடுநேரம் நிமிரவே இல்லை.

ஆடி மழையில் பெண் குழந்தை பிறந்தது. முத்தாயம்மாள் நனைந்துகொண்டே வீடு வீடாகப் போய்ச் சர்க்கரை கொடுத்தாள். காளியண்ணன் முன்கட்டு ஆசாரத்தில் நின்றபடி, உள்ளே போகலாமா என்று வருகிற பெண்களை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான். அத்தாயி அயர்ந்து தூங்கினாள். கண் விழித்ததும் குழந்தையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பசிக்கிறது என்றாள்.