எதுவும் மாறாமல் எழுந்த கணினி

என் அண்ணனிடம் போய் "ஃபார்மேட் பண்ணிடலாமா?" என்று கேட்டால் போதும், மூக்கின் மேல் கோபம் வந்துவிடும். மற்ற கணினிக் கடைக்காரர்கள் ஐந்து நிமிடம் பார்ப்பார்கள், உதட்டைப் பிதுக்குவார்கள், எல்லாவற்றையும் துடைத்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போட்டுக் கொடுப்பார்கள். "தலைவலின்னு வந்தவனுக்கு வேற தலை மாட்டி அனுப்புறானுங்க" என்று அண்ணன் திட்டுவார். அவர் அப்படிச் செய்யவே மாட்டார். கெட்டுப்போன கோப்பு எது என்று தேடி, அதை மட்டும் சரிசெய்து, இருந்தது இருந்தபடி எழுப்பித் தருவார். அதற்கு இரண்டு நாள் ஆனாலும் சரி. சாப்பாடு ஆறிப்போகும், அண்ணி வாசலில் நின்று கத்துவார், இவர் காதில் ஏறாது.

அண்ணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவருக்கு இதயத்தில் ஒரு வால்வை மாற்றியிருந்தார்கள். ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் மாத்திரை. குறைந்தால் வால்வில் ரத்தம் கட்டிக்கொள்ளும், கூடினால் எங்கே வேண்டுமானாலும் கசியும். அதனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுப்பார். அதில் வரும் எண் மூன்றை ஒட்டி இருக்க வேண்டும். அந்த எண்ணைப் பார்த்துத்தான் டாக்டர் மாத்திரையைக் கூட்டுவார், குறைப்பார். அந்தப் பரிசோதனையைச் செய்கிற லேப்பில் வேலை பார்ப்பவள் நான்.

ஒரு திங்கட்கிழமை லேப் கணினி எழவில்லை. கறுப்புத் திரை, அதில் இரண்டு வரி ஆங்கிலம், அவ்வளவுதான். பரிசோதனை இயந்திரத்தின் மென்பொருள் அதற்குள்தான் இருந்தது. அதை விற்ற கம்பெனியை எப்போதோ மூடிவிட்டார்கள். திரும்பப் போடக் கையில் எதுவும் இல்லை. அண்ணிக்குப் புதன்கிழமை ரத்தம் எடுக்க வேண்டும். வேறு வழி? அண்ணனைக் கூப்பிட்டேன்.

வந்தவர் முதலில் டிஸ்க்கை அப்படியே ஒரு நகல் எடுத்தார். பிறகு பென்டிரைவிலிருந்து கணினியை எழுப்பி, உள்ளே ஒவ்வொன்றாகத் துழாவினார். செவ்வாய் மதியம் ஆள் பிடிபட்டான். கணினியின் அமைப்புகள் எல்லாம் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரி கோப்பு பாழாகியிருந்தது. விண்டோஸ் தானாகவே எடுத்து வைத்திருந்த அதன் பழைய பிரதி ஒன்று அகப்பட்டது. அதை எடுத்து இதன் இடத்தில் வைத்தார். கணினி எழுந்தது.

"பாத்தியா! எல்லாம் இருந்த இடத்துல இருக்கு. ஒண்ணுகூட மாறல" என்றார். முகமெல்லாம் பல். நாங்கள் கைதட்டினோம்.

புதன்கிழமை அண்ணியின் எண் ஒன்று புள்ளி ஒன்பது என்று வந்தது. "என்னம்மா, இவ்ளோ கம்மியா?" என்றார் அண்ணி. "மாத்திரையை மறந்திருப்பீங்க அண்ணி" என்றேன். அடிப்பாவி, அப்படித்தான் சொன்னேன். டாக்டர் மாத்திரையைக் கூட்டினார்.

நாலைந்து நாளில் அண்ணியின் முழங்கைக்கு மேலே ஒரு நீலத் திட்டு வந்தது. "கதவுல இடிச்சிருப்பேன்" என்றார். பிறகு தொடையில் ஒன்று. பல் விளக்கும்போது எச்சில் சிவப்பாக இருந்ததாம், அதைக் கடைசி நாள்வரை யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த வாரம் ரத்தம் கொடுக்கத்தானே போகிறோம் என்று இருந்துவிட்டார்.

பதினொன்றாம் நாள் காலை அண்ணன் போன் செய்தார். "அண்ணிக்கு மூக்குல ரத்தம் நிக்க மாட்டேங்குது. தலை வலிக்குதுன்னு கத்துறா. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறேன்."

போனை வைத்ததும் அந்த ஒன்று புள்ளி ஒன்பதின் மேல் சந்தேகம் வந்து, லேப் கணினியின் முன் உட்கார்ந்தேன். மென்பொருளின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தேன். பரிசோதனை மருந்தின் பெட்டி மாறும்போதெல்லாம், பெட்டிமேல் அச்சடித்திருக்கும் ஓர் எண்ணை அங்கே பதிய வேண்டும். கணக்கு அதைவைத்துத்தான். இரண்டு மாதத்துக்கு முன் நானே புது எண்ணைப் பதிந்திருந்தேன். இப்போது திரையில் இருந்தது பழைய பெட்டியின் எண். பழைய ரெஜிஸ்ட்ரியோடு அதுவும் வந்துவிட்டது. காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அன்றைக்கு அண்ணியின் உண்மையான எண் இரண்டு புள்ளி எட்டு. மாத்திரையைத் தொட்டிருக்கவே வேண்டாம்.

விண்டோஸைப் புதிதாகப் போட்டு, எப்படியோ மென்பொருளையும் தேடிப் போட்டிருந்தால், அந்த எண்ணை நானே உட்கார்ந்து பதிந்திருப்பேன். எதுவும் மாறவில்லை என்றதால் யாரும் எதையும் பார்க்கவில்லை. அந்த மாத்திரையே சாப்பிடும் அந்த நாட்களில் எங்களிடம் ரத்தம் கொடுத்த மற்ற ஒன்பது பேரையும் போனில் பிடித்து, கூட்டிய அளவை நிறுத்தச் சொன்னேன். அவர்கள் தப்பித்தார்கள்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. மூளைக்குள் கசிவு. அண்ணன் நடைவழி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பழைய எண்ணைப் பற்றிச் சொன்னேன். தரையைப் பார்த்தபடி கேட்டார்.

"தினம் காலையில விடை தெரிஞ்ச ரத்தம் ஒண்ணை ஓட்டிப் பாப்பேன்னு சொல்வியே, மிஷின் சரியான்னு. அன்னிக்கு ஓட்டினியா?"

ஓட்டவில்லை. இரண்டு நாள் அடைத்துக் கிடந்ததால் வாசல்வரை கூட்டம். அண்ணன் கை வைத்ததுதானே என்று விட்டுவிட்டேன். ஓட்டியிருந்தால் அந்த நிமிடமே தெரிந்திருக்கும்.

"ஓட்டினேன்ணா" என்றேன்.

அவர் மெதுவாகத் தலையாட்டினார். "நீ ஓட்டியும் தெரியலைன்னா, அவ்ளோ ஆழமா நான் கெடுத்து வெச்சிருக்கேன்" என்றார்.