முப்பத்தொரு பேர், ஒரே சட்டை, ஒரு நாள் தீம் பார்க்

முப்பத்தொரு பேரைத் தலைக்கு ஆயிரத்து நூறு ரூபாய்க்குள் தீம் பார்க்குக்குக் கூட்டிப் போய் வர முடியுமா? முடியும். போன மே மாதம் ஒரு புதன்கிழமை நான் போய் வந்தேன். எப்படி என்று எழுதுகிறேன். எங்கே கோட்டை விட்டேன் என்பதையும் எழுதுகிறேன், அதைத்தான் நீங்கள் முக்கியமாகப் படிக்க வேண்டும்.

நான் திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனைப் பார்த்துக்கொள்கிறேன். இருபது வருடமாகப் பெட்டி எண்ணுவதுதான் பிழைப்பு. உடன்பிறந்தவர்கள் நாங்கள் ஐந்து பேர். எங்கள் குடும்பங்களோடு மனைவி சுமதியின் இரண்டு தம்பிகள் குடும்பத்தையும் சேர்த்தால் முப்பத்தொன்று. பள்ளி லீவில் பிள்ளைகள் பிடுங்கி எடுத்தார்கள். திங்கட்கிழமை ஒரு ஷிப்மென்ட் கிளம்பியது, அடுத்தது சனிக்கிழமை. நடுவில் கிடைத்தது புதன். வார நாள் என்பதால் டிக்கெட்டும் குறைவு.

வெளியே சாப்பிட்டால் பட்ஜெட் தாங்காது. சமையலுக்குச் சுமதியைக் கேட்டேன்.

"முப்பது பேருக்குச் சோறு கட்டறதுக்கு எனக்கொண்ணும் சிரமமில்லீங்க. ஆனா அந்தத் தலைகீழாச் சுத்தற வண்டீல நான் ஒரு தடவ ஏறோணும். டிவில பாத்த நாள்ல இருந்து ஆசைங்க."

"அதுக்கென்ன, ஏத்தி உட்டர்றேன்" என்றேன். போன் பார்த்துக்கொண்டே சொன்ன வாக்கு அது.

அடுத்தது சட்டை. கூட்டத்தில் பிள்ளைகள் தொலையாமல் இருக்க எல்லோருக்கும் ஒரே டி-ஷர்ட் என்று முடிவு செய்தேன். ஒரு விஷயம் கவனியுங்கள்: தண்ணீர் விளையாட்டுகளில் காட்டன் துணியோடு இறங்க விடமாட்டார்கள். பனியன் ஊர்க்காரனுக்கு இது கொஞ்சம் வருத்தம்தான், ஆனாலும் பாலியஸ்டரே வாங்குங்கள். வெளிநாட்டுக்குப் போக வேண்டிய ஆரஞ்சு நிற பாலியஸ்டர் லாட் ஒன்று, சாயம் ஒரு ஷேடு தப்பியதால் ரிஜெக்ட் ஆகி சர்ப்ளஸ் கடைக்கு வந்திருந்தது. அரை கிலோமீட்டருக்கு அப்பாலும் கண்ணில் குத்தும் நிறம். பீஸ் அறுபத்தைந்து ரூபாய். முப்பத்தொன்று எடுத்தேன். பொடிசுகளுக்கு ஸ்மால் சைஸே கவுன் போலக் கணுக்கால் வரை தொங்கியது.

திருப்பூர் ராயபுரத்திலிருந்து காலை ஆறு மணிக்குக் கிளம்பத் திட்டம். கிளம்பியது ஆறு ஐம்பது. அந்த ஐம்பது நிமிடமும் நான் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டது போலத் தெருவில் நடந்துகொண்டிருந்தேன். டிரைவர் செந்தில் பஸ்ஸில் சாய்ந்தபடி, "ஏனுங்ணா, பார்க் எங்கியும் போயிராதுங்க. செத்த நில்லுங்க" என்றார். நிற்க வந்தால்தானே! முப்பத்துமூன்று சீட் மினி பஸ், டீசல், டிரைவர் பேட்டா எல்லாம் சேர்த்து 9,500 ரூபாய். அவிநாசி, அன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் பக்கம் ஐம்பத்தைந்து கிலோமீட்டர். வழியில் ஒரு புளியமரத்தடியில் இட்லி. ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். கேட் ஒன்பதரைக்குத்தான் திறந்தது.

இருபத்தைந்து பேருக்கு மேல் இருந்தால் குரூப் ரேட் உண்டு. பெரியவர்கள் பத்தொன்பது பேருக்கு எழுநூறு வீதம் 13,300. பிள்ளைகள் ஒன்பது பேருக்கு ஐந்நூற்றைம்பது வீதம் 4,950. உயரம் எட்டாத மூன்று வாண்டுகளுக்கு டிக்கெட் இல்லை. உள்ளே வெளிச்சாப்பாடு கூடாது. ஆனால் கையில் முத்திரை குத்திக்கொண்டால் வெளியே வந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம். ஆகவே மதியச் சாப்பாடு பார்க்கிங்கில், பஸ் நிழலில்.

உள்ளே லாக்கர் ஒன்றுக்கு நூறு ரூபாய். எங்கள் மூட்டை முடிச்சுக்கு ஐந்து வேண்டும். ஐந்நூறு ரூபாயா என்று மனசு அடித்துக்கொண்டது. நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில் ஒரு வேப்பமரமும் சிமென்ட் பெஞ்சும் இருந்தன. மூட்டைகளை அங்கே இறக்கினோம். "சுமதி, நீ செத்த இங்க உக்காரு. நான் வந்து உன்னயக் கூட்டீட்டுப் போறேன்" என்றேன். ஐந்நூறு மிச்சம்.

அந்தச் 'செத்த நேரம்' எவ்வளவு நீண்டது என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன். பத்து மணிக்கு உட்கார்ந்தாள். பதினொன்றரைக்கு எழுந்துபோய்ப் பஸ்ஸில் சாப்பாட்டைப் பிரித்தாள். மூன்று பந்தி, தக்காளிச் சோறும் தயிர்ச் சோறும். இரண்டு மணிக்கு மறுபடி பெஞ்ச். நான் சும்மா இருந்தேன் என்று நினைக்காதீர்கள். அலைக்குளத்தில் எண்ணினேன், சறுக்கலில் எண்ணினேன், ஐஸ்கிரீம் கடையில் எண்ணினேன். ஆரஞ்சு, ஆரஞ்சு, ஆரஞ்சு. நடுநடுவே கம்பெனியிலிருந்து போன், சனிக்கிழமைப் பெட்டிகளில் மார்க்கிங் தப்பாக அச்சாகிவிட்டதாம். மூன்று மணிக்கு அவளைத் தாண்டி ஓடியபோது, "ஏனுங்க, அந்த வண்டி?" என்று கேட்டாள். "தோ, இந்தப் போனை முடிச்சுட்டு" என்றேன்.

ஐந்தரைக்குப் புறப்பாடு. பஸ் கதவருகே நின்று, ஒரு காதில் போனோடு, ஏறிய சட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணினேன். முப்பத்தொன்று. என்னையும் சேர்த்துச் சுத்தமான கணக்கு. ஐந்து முப்பத்தைந்துக்கு வண்டி நகர்ந்தது. நேரத்தில் முடித்துவிட்டேன் என்று எனக்கே பெருமை.

பதினான்கு கிலோமீட்டர் தாண்டி டீக்கு நிறுத்தினோம். "சுமதி, டீயா காப்பியா?" என்று பின்பக்கம் பார்த்துக் கேட்டேன். பதில் இல்லை. இன்னொரு முறை கேட்டேன். எல்லோரும் சீட்டுக்குச் சீட்டு திரும்பிப் பார்த்தார்கள்.

என் அக்கா எழுந்து வந்து சொன்னாள்: "நாலே முக்காலுக்குப் பையெல்லாம் எங்கிட்டக் குடுத்துட்டு, 'ஒரு எட்டுப் போய்ட்டு வந்தர்றேன்'னு போனாடா. உன்றகிட்டச் சொல்லீருப்பான்னு நெனச்சேன்."

போன் போட்டேன். சோற்றுக் குண்டானுக்கு அடியிலிருந்த பையில் அவள் போன் அடித்தது.

அப்படியானால் முப்பத்தொன்றாவது ஆள் யார்? கடைசி சீட்டில் ஆரஞ்சுச் சட்டையோடு, முகத்தைத் துப்பட்டாவால் மூடி ஒரு பெண் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பினோம். எங்களைப் பார்த்து எங்களைவிட அதிகமாக மிரண்டாள். ஒடிசாவிலிருந்து எங்கள் ஊர்ப் பக்கம் அருள்புரத்துக்குப் பனியன் வேலைக்கு வந்த பெண், பெயர் சுனிதா. அவள் வேலை பார்க்கும் யூனிட்டிலிருந்து டூர் வந்திருக்கிறார்கள். ராட்டினம் சுற்றியதில் தலைசுற்றல். தன் கூட்டத்துச் சட்டையைப் பார்த்து ஏறிப் படுத்துவிட்டாள். அவர்களும் அதே சர்ப்ளஸ் லாட்டில்தான் சட்டை வாங்கியிருந்தார்கள்.

ஒரு லாட்டில் முப்பத்தொரு பீஸ் மட்டும் இருக்காது என்பது, இருபது வருடம் பேக்கிங்கில் நிற்கிற எனக்குத் தெரியாதா? அன்றைக்குத் தெரியவில்லை.

செந்தில் வண்டியைத் திருப்பினார். சுமதி கையில் காசில்லை, போனில்லை, காலையிலிருந்து அவள் சாப்பிட்டாளா என்றுகூட எனக்குத் தெரியாது. பிள்ளைகள் தொலையக் கூடாது என்று சட்டை வாங்கியவன், பெண்டாட்டியை விட்டுவிட்டு வந்திருக்கிறேன். அவமானமாக இருந்தது. அப்போது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.

"ஏனுங்க, நாந்தானுங்க. நம்ம வண்டீல சுனிதான்னு ஒரு புள்ள இருக்குதான்னு பாருங்க. இங்க இவங்கெல்லாம் பயந்துட்டிருக்காங்க."

"இருக்குது" என்றேன்.

"அப்பச் செரி. அந்தப் புள்ளைக்குக் குடிக்கத் தண்ணி குடுங்க. மெதுவாவே வாங்க."

ஆறு நாற்பதுக்குப் போய்ச் சேர்ந்தோம். பார்க்கிங் சுவரில் இருபது ஆரஞ்சுச் சட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து சுமதி முறுக்குத் தின்றுகொண்டிருந்தாள். வழியெல்லாம் வேறென்னவோ யோசித்து வைத்திருந்தேன்.

"ஏறுனியா?" என்றுதான் கேட்டேன்.

"ரெண்டு தடவைங்க! வரிசையில இந்தக்கா எண்ணீட்டே வந்து, என்ற முதுகுல கைய வெச்சு, 'போ, போ, நீதான் கடைசி'ன்னு தள்ளி உட்டாங்க. நானும் போயிட்டேன். கூட்டமில்லீன்னு மறுக்கா ஒரு ரவுண்டும் உட்டாங்க."

பக்கத்திலிருந்த அவர்கள் லைன் சூப்பர்வைசர் அம்மா சிரித்தார். "எங்க செக்கிங் செக்‌ஷன் புள்ளைன்னு நெனச்சுட்டனுங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

"பயமா இல்லியா?" என்று சுமதியைக் கேட்டேன்.

"கண்ண மூடவே இல்லீங்க" என்றாள்.

கணக்குக்கு வருகிறேன். டிக்கெட் 18,250, பஸ் 9,500, சட்டை 2,015, சமையல் சாமான் 3,200, டீ, பார்க்கிங், சில்லறை 1,035. மொத்தம் 34,000. திரும்பிப் போய் வந்த இருபத்தெட்டு கிலோமீட்டருக்கு 600 தனி. அதைச் செந்தில் கேட்கவில்லை, நானாகக் கொடுத்தேன்.

போகிறவர்களுக்கு: வார நாளில் போங்கள். காலையிலும் மதியமும் சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள், ஆனால் பரிமாற ஆள் மாற்றி மாற்றி நில்லுங்கள். ஒரே சட்டை வேண்டுமானால் முதுகில் பேரை அச்சடித்து வாங்குங்கள். எண்ணும்போது முகத்தைப் பாருங்கள். போனை அணைத்துவிடுங்கள், பெட்டிகள் நீங்கள் இல்லாமலும் போய்ச் சேரும்.

எங்கள் குடும்ப வாட்ஸப் குரூப்பில் அன்றைக்கு எடுத்த படம் நானூற்றுச் சொச்சம் இருக்கிறது. ஒன்று விடாமல் பார்த்தேன், சுமதி ஒன்றில்கூட இல்லை. அவள் இருக்கிற ஒரே படம் அந்த வண்டி தலைகீழாகத் திரும்பும் இடத்தில் பார்க் கேமரா எடுத்தது. சூப்பர்வைசர் அம்மா காசு கொடுத்து வாங்கித் தந்திருக்கிறார். முன் வரிசையில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, வாய் நிறையச் சிரிப்போடு அவள். கல்யாணமான இருபத்தோரு வருடத்தில் நான் பார்க்காத சிரிப்பு. பின்னால் வரிசையாக ஆரஞ்சுச் சட்டைகள். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள். வீட்டுக்கு வருகிறவர்கள், "குடும்பத்தோட போனீங்களாக்கும்?" என்று கேட்கிறார்கள். அவளும் ஆமாங்க என்கிறாள். நான் எழுந்து உள்ளே போய்விடுகிறேன்.

லாக்கர் எடுங்கள். ஐந்து வேண்டுமென்றால் ஐந்தும் எடுங்கள்.