கறுப்புப் புள்ளிக்காரர்

லிஃப்டில் மூன்றாம் மாடிப் பொத்தானை அழுத்தினார். விளக்கு எரியவில்லை. இன்னொரு முறை அழுத்தியதும் எரிந்தது. சட்டைப் பையிலிருந்து கறுப்பு மார்க்கரை எடுத்து, பொத்தானின் ஓரத்தில் கடுகளவுக்கு ஒரு புள்ளி வைத்தார். நாளையிலிருந்து மூன்றாம் மாடிக்கு அவர் படியேறித்தான் போவார்.

"ஒரு தடவை கைவிட்டது இன்னொரு தடவையும் கைவிடும். திருந்திடுச்சான்னு பாத்துட்டு நிக்க எனக்கு நேரமில்லை" என்பார்.

அலுவலகத்தில் அவருக்குப் புள்ளிக்காரர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவர் மேஜையில் புள்ளி வைத்த பேனாக்கள் ஏழு கிடக்கின்றன. புள்ளி வைத்த நாற்காலி ஒன்று மூலையில் சுவரைப் பார்த்தபடி நிற்கிறது. வீட்டில் ஒரு குடை, ஒரு குக்கர், குளியலறைக் குழாய். "இந்த வீட்ல புள்ளி விழாம தப்பிச்சது நானும் சுவரும்தான். சுவரையும் நேத்து தட்டிப் பாத்துட்டிருந்தார்" என்கிறார் மனைவி.

தொழிலில் ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. பச்சிளங்குழந்தைகளைக் கதகதப்பாக வைத்திருக்கும் மருத்துவமனைத் தொட்டில்களை அவருடைய நிறுவனம் செய்கிறது. ஒவ்வொரு தொட்டிலுக்குள்ளும் ஒரு சின்னக் கணினி. அதன் நினைவகச் சில்லில் தகவலை எழுதி வைக்கும் ஆயிரக்கணக்கான கட்டங்கள், அதாவது பிளாக்குகள். அவற்றில் சில பிறக்கும்போதே கெட்டவை; எழுதியதைப் பத்திரமாக வைத்திருக்காது. சில்லு செய்கிறவர்களே சோதித்துப் பார்த்து, கெட்டதில் ஒரு குறி போட்டு அனுப்புவார்கள். அந்தக் குறி இருப்பது அதே பிளாக்குக்குள். பிளாக்கை அழித்தால் குறியும் சேர்ந்து போய்விடும். அப்புறம் எது நல்லது, எது நல்லதுபோல நடிக்கிறது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. இயங்குதளத்தின் அடித்தளமான கெர்னலுக்குள் இருந்துகொண்டு, இந்தக் குறிகளைப் படித்துப் பட்டியல் போட்டு, வேறெந்த நிரலையும் அந்தப் பக்கம் அண்டவிடாத பகுதி புள்ளிக்காரர் எழுதியது.

போன வாரம் தயாரிப்பு லைனிலிருந்து வந்த, அந்தச் சில்லு பொருத்திய நாற்பது போர்டுகளைச் சோதித்தார். கெட்ட பிளாக்குகள் பூஜ்யம். நாற்பதிலும் பூஜ்யம். வேறு ஆளாக இருந்தால் இனிப்பு வாங்கிக் கொடுத்திருப்பார். இவருக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

"இவ்வளவு சுத்தமா எவனும் பொறக்க மாட்டான். குறியை யாரோ அழிச்சிருக்காங்க."

சந்தேகம் நேராகப் போய் நின்றது லைன் அக்காவிடம். போர்டுகளில் மென்பொருள் ஏற்றும் பதினாறு பேருக்கு அவர்தான் மேற்பார்வையாளர். புள்ளிக்காரர் ஒரு வாரம் லைனின் கேமராப் பதிவுகளைப் பார்த்தார். அக்காவின் ஆட்கள் எத்தனை மணிக்குத் தண்ணீர் குடிக்கிறார்கள் என்பதுகூட அவருக்கு மனப்பாடம். அவசரத்தில் அக்காதான் குறுக்கு வழியில் அழிக்கச் சொல்லியிருப்பார் என்று மேலாளருக்கு மடல் எழுதிவிட்டார். இன்று நான்கு மணிக்கு அக்கா விளக்கம் சொல்லியாக வேண்டும். சொல்லத் தவறினால் வேலை போய்விடும்.

இரண்டரை மணிக்கே அக்கா இவருடைய அறைக்குள் வந்துவிட்டார். கையில் சீல் பிரிக்காத உறைக்குள் ஒரு புதுப் போர்டு.

"சார், ஸ்டோர்லேர்ந்து நேரா எடுத்துட்டு வர்றேன். எங்க லைன்ல யாரும் தொடல. நீங்களே பிரிங்க."

புள்ளிக்காரர் உறையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சீல் சரியாகத்தான் இருந்தது. போர்டை மாட்டிப் படித்தார். கெட்ட பிளாக்குகள் பதினொன்று.

"பாத்தீங்களா? உறையில இருக்கற வரைக்கும் குறி இருக்கு. உங்க கைக்கு வந்தப்புறம்தான் காணாம போகுது."

"சரி சார். லைன்ல முதல்ல ஓட்டுறது நீங்க குடுத்த ப்ரோகிராம்தான். அதை இப்ப உங்க கையாலயே ஓட்டுங்க. நான் தள்ளி நிக்கறேன், மந்திரம் போட்டேன்னு சொல்லிடப் போறீங்க."

அக்கா கதவோரம் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். புள்ளிக்காரர் ஓட்டினார். மறுபடி படித்தார்.

பூஜ்யம்.

கேபிளைப் பிடுங்கி மாட்டினார். பூஜ்யம். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நிரலைத் திறந்தார். எண்பத்து நான்காவது வரி: குறி இருந்தாலும் அழி. மூன்று வாரத்துக்கு முன், தவறான குறி விழுந்த ஒரே ஒரு சில்லைத் தன் மேஜையில் மீட்பதற்காகச் சேர்த்த வரி. எடுக்க மறந்து அப்படியே லைனுக்குக் கொடுத்திருக்கிறார். பக்கத்தில் தேதி, எழுதியவர் பெயர்.

அக்கா தோளுக்குப் பின்னால் வந்து நின்று படித்தார்.

"ஏன் சார், ஒரு வாரமா எங்க கேமராவையெல்லாம் குடைஞ்சீங்களே. இதைத் திறந்து பாக்கலையா?"

"இது... நான் எழுதினதாச்சே."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. பாதியிலேயே நின்றும் போனது. கீழே, குறி அழிந்த போர்டுகளோடு தொட்டில்கள் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தன.

புள்ளிக்காரர் மேலாளரைக் கூப்பிட்டார். "வண்டியில ஏத்தினதையெல்லாம் இறக்கச் சொல்லுங்க. எல்லாத்துலயும் சில்லை மாத்தணும், அழிஞ்ச குறி திரும்ப வராது. நாலு மணிக்கு அந்தம்மா வர வேண்டாம். நான் வர்றேன்."

போனை வைத்தார். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றி, படம் மேலே தெரியும்படி மேஜையில் வைத்தார். பையிலிருந்து மார்க்கரை எடுத்து, மூடியைத் திறந்து, அக்காவிடம் நீட்டினார்.