பிளாப்பிக்குள் இட்ட திருமண்

ஸ்ரீபெரும்புதூரில் சிறிய பொருள்கள் மீது பெரும் பக்தி கொண்ட ஒருவர் இருந்தார். பெயர் மட்டும் நீளம்: லக்ஷ்மிநரசிம்மன். தண்டலம் பக்கம் பிளாஸ்டிக் பாகங்கள் வார்க்கும் கம்பெனியில் ஆபீஸ் உத்தியோகம். கையில் கால்குலேட்டர் வாட்ச். அதன் பொத்தான்களைத் தீக்குச்சியால்தான் அழுத்த முடியும் என்பதால், பீடி சிகரெட் அறியாத அந்த உத்தமரின் சட்டைப்பையில் எப்போதும் தீப்பெட்டி இருக்கும். பர்மா பஜாரில் வாங்கிய எலுமிச்சம்பழ அளவு ரேடியோ ஒன்றும் வைத்திருந்தார். அது ஒருநாளும் பாடியதில்லை. அளவை உத்தேசித்து அவர் அதை மன்னித்திருந்தார்.

தொண்ணூற்றொன்றில் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்தது. கூடவே மூன்றரை அங்குல பிளாப்பியும் வந்தது. எந்த அச்சுக்கு எவ்வளவு சூடு, எவ்வளவு அழுத்தம் என்று தாள்தாளாக எழுதி வைத்திருந்ததை எல்லாம் லக்ஷ்மிநரசிம்மன் அதில் ஏற்றினார். தாள்களைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டார். கம்ப்யூட்டரிலும் ஒரு காப்பி இருக்கட்டுமே என்ற சூப்பர்வைசர் ராஜாமணியிடம், பெரிய பெட்டியிலும் வைத்தால் சின்னதற்கு என்ன மரியாதை என்று கேட்டார். நாளைக்கு இந்த ஃபாக்டரியே நகத்தளவு சில்லில் அடங்கிவிடும் என்றும் எச்சரித்தார்.

ஆயுத பூஜை வந்தது. பெருக்கித் துடைக்கும் கோவிந்தம்மா எல்லா மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். கம்ப்யூட்டர் இருந்த ஏ.சி. அறைக்குள் வெறுங்காலோடு போய், பிளாப்பியின் மேலும் ஒரு பொட்டு வைத்தார். எல்லோரும் பொரி வாங்கப் போனபின், லக்ஷ்மிநரசிம்மனுக்கு மனம் ஆறவில்லை. கதவுக்குப் பொட்டு வைத்தால் உள்ளே இருக்கிற பெருமாளுக்கு ஆயிற்றா? பிளாப்பியின் தகரக் கதவை நகத்தால் தள்ளி, உள்ளே மினுங்கிய கறுப்பு வட்டில், சந்தனம் தொட்ட தீக்குச்சி முனையால் குட்டியாக ஒரு திருமண் இட்டார். அளவு கச்சிதம்.

லீவு முடிந்து பிளாப்பியைச் செருகியதும் கம்ப்யூட்டர் கொரகொரத்தது, ஒன்றையும் படிக்கவில்லை. லைன் நின்றது. ராஜாமணி மேலிருந்த சந்தனத்தைப் பார்த்தார்; குற்றவாளி கிடைத்துவிட்டார். கோவிந்தம்மா இன்றோடு நின்றுகொள்ளலாம் என்றார் மேனேஜர். லக்ஷ்மிநரசிம்மன் தீக்குச்சியை எடுத்து வாட்சில் ஏதோ கணக்குப் போட்டார்.

மத்தியானம் தயிர்சாதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, கோவிந்தம்மா மேலே வைத்த சந்தனமே உள்ளே கசிந்திருக்கலாம் என்று விஞ்ஞான ரீதியில் தமக்குத் தாமே விளக்கிப் பார்த்தார், விஞ்ஞானம் ஒப்பவில்லை. எல்லாவற்றுக்கும் சின்ன மாடல் வந்துவிட்ட உலகில், செய்த பாவத்துக்கு மட்டும் இன்னும் வரவில்லை.

சாயங்காலம் கோவிந்தம்மா தூக்குவாளியோடு வந்து ஏ.சி. அறை வாசலில் நின்றார். கோபித்துக்கொள்ள வரவில்லை, சொல்லிவிட்டுப் போக வந்திருந்தார்.

"மேலதான் சார் வெச்சேன். உள்ள பூந்துச்சுன்றாங்க. அது தொறக்கும்னே எனக்குத் தெரியாதே."

தெரிந்தவர் அந்தக் கம்பெனியில் ஒரே ஒருவர்தான். அவர் எழுந்தார். கோவிந்தம்மாவைக் கூடவே வரச்சொல்லி, செருப்பைக்கூட மாட்டாமல் மேனேஜர் அறைக்குப் போனார்.  மேசைமேல் கிடந்த பிளாப்பியின் கதவைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, வட்டை மெல்லத் திருப்பினார். கீறல்பட்டிருந்தாலும் திருமண் தெரிந்தது. மேனேஜர் அதைப் பார்த்தார். பிறகு லக்ஷ்மிநரசிம்மனின் நெற்றியைப் பார்த்தார்.

"சார் நெத்தில கீறதேதான்," என்றார் கோவிந்தம்மா, மெதுவாக. அவருக்காக வருத்தப்பட்டதுபோல் இருந்தது குரல். அதுதான் லக்ஷ்மிநரசிம்மனுக்குத் தாங்கவில்லை.

கோவிந்தம்மாவின் வேலை தப்பியது. லக்ஷ்மிநரசிம்மன் அப்போதே பழைய பேப்பர்காரரைத் தேடி மண்ணூருக்குச் சைக்கிள் மிதித்தார். அங்கே கூரையைத் தொடும்படி அடுக்கியிருந்த பேப்பர் மூட்டைகளுக்கு முன்னால், வாழ்நாளில் முதல்முறையாக, பெரிய பொருள் ஒன்றைப் பார்த்துக் கைகூப்பினார்.