செக்கிங் ஐயா ஏமாந்த கதை

ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவருக்குத் தெருவே சேர்ந்து வைத்த பெயர் செக்கிங் ஐயா. கழிப்பறைக்குள் ஒளிந்தவனைக்கூட மோப்பம் பிடித்து வெளியே இழுத்தவர் என்று அவரே சொல்லிக்கொள்வார். ஓய்வு பெற்ற பிறகு அந்த மூக்கு சும்மா இருக்குமா? "வீட்டை ரிப்பேர் பண்ணித் தர்றோம்" என்று வாசலுக்கு வரும் எத்தர்களை விரட்டுவது எப்படி என்று முதியோர் சங்கத்தில் மாதாமாதம் முழங்கிக்கொண்டிருந்தார்.

முழங்குவதற்குக் காரணம் இருந்தது. "யார்கிட்டயாவது ஏமாந்தீங்கன்னு என் காதுல விழுந்தா, வீட்டைப் பூட்டிட்டு உங்களையும் அம்மாவையும் என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன்" என்று மகன் குண்டைத் தூக்கிப் போட்டிருந்தான். மருமகள் நல்லவள்தான். ஆனால் சோபாவில் உட்கார்ந்து எழுந்தால் உடனே மெத்தையைத் தட்டிச் சரிசெய்வாள். அந்த வீட்டில் சாகும்வரை விருந்தாளியாக இருக்க இருவருக்கும் மனமில்லை.

அன்று காலை ஒருவன் வந்தான். "ஐயா, ரோட்டுலேர்ந்தே தெரியுது. உங்க மொட்டை மாடியில விரிசல். ஒரு மழை தாங்காது" என்றான். இவர் வாயைத் திறப்பதற்குள் அடையாள அட்டையை நீட்டிவிட்டான்.

அங்கேதான் மனுஷர் கவிழ்ந்தார். கேட்ட பிறகு பையைத் துழாவுகிறவன் திருடன், கேட்காமலே எடுத்து நீட்டுகிறவன் யோக்கியன். இதுதான் அவர் ரயிலில் கற்ற வேதம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். படம் சரி, முத்திரை சரி, தேதியும் சரி. டிக்கெட்டை ரயில்வே அச்சடிக்கும், இதை எவனும் அச்சடிப்பான் என்பது பாவம், அந்த மண்டையில் உறைக்கவில்லை. முன்பணத்தையும் கொடுத்து, "மேல போங்க" என்று உத்தரவும் கொடுத்தார்.

மேலே டொக் டொக்கென்று சத்தம். பிறகு, "சிமெண்ட் வாங்கிட்டு வந்துடறேங்க" என்று அவன் இறங்கிப் போனான். விரிசலைப் பார்க்கச் செக்கிங் ஐயா மாடிக்குப் போனார், முழங்கால் வலியோடு மனைவியும் பின்னாலேயே ஏறி வந்தாள்.

"என்னங்க, விரிசல் எங்க?"

"இதோ, எவ்வளவு பெரிசு பாரு!"

"அட கடவுளே! இது அவன் சுத்தியால இடிச்ச ஓட்டைங்க! நேத்து இங்கதானே நீங்க துணி காயப்போட்டீங்க, இருந்துச்சா?"

செக்கிங் ஐயாவுக்கு முகம் வெளிறிவிட்டது. "பையனுக்குத் தெரிய வேண்டாம். நானே பூசிடறேன்" என்று முணுமுணுத்தார்.

அப்போதுதான் மனைவி கீழே கையைக் காட்டினாள். எதிர்வீட்டு வாசலில் அதே ஆள், அதே அட்டை. அங்கே தனியாக இருக்கும் ஓய்வுபெற்ற நர்ஸம்மா தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டார். சத்தம் போட்டால் தெருவுக்கே தெரியும், தெருவுக்குத் தெரிந்தால் மகனுக்கும் தெரியும். செக்கிங் ஐயா மனைவியைப் பார்த்தார். "கத்துங்க" என்றாள் அவள்.

"நர்ஸம்மா! திறக்காதீங்க! அவன் திருட்டுப் பய! நான் ஏமாந்துட்டேன்!"

ஆள் எடுத்தான் ஓட்டம். கதவுகள் திறந்தன, தெரு கூடியது. மானம் கப்பலேறியது என்று நினைத்தபடி இவர் இறங்கி வந்தார். யாரும் சிரிக்கவில்லை. பக்கத்து வீட்டுக் கணக்கர் தொண்டையைச் செருமினார்.

"என் மாடியையும் அவன்தாங்க இடிச்சான். போன மாசம்."

"என் வீட்டுலயும்தான்" என்றார் தையற்காரர்.

"அட, முன்னாடியே சொல்லியிருந்தா நான் உஷாராயிருப்பேனேய்யா! ஏன் சொல்லல?"

கணக்கர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஏமாந்தவங்களைப் பத்திச் சங்கக் கூட்டத்துல நீங்க நடிச்சுக் காட்டுவீங்க. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்போம். அதுல நானும் ஒருத்தன்னு எப்படிங்க சொல்றது?"

செக்கிங் ஐயாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அங்கேயே நின்று மகனுக்குப் போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி சத்தமாகப் பேசினார்.

"அப்பா ஏமாந்துட்டேன்டா. கூட்டிட்டுப் போறதா இருந்தா பெரிய பஸ்ஸா எடுத்துட்டு வா. இங்க நிறைய பேர் இருக்கோம்."